கறுப்பு மணலும் அத்தை வீட்டு பேஸ்மட்டமும்

சிவில் இஞ்சினியரிங் படிச்ச யாரையாவது பிடிச்சு, "கடைசி வருஷம் என்னப்பா ப்ராஜெக்ட் பண்ணே?"ன்னு கேட்டுப் பாருங்க. பாதிப் பேர் தலையைச் சொறிஞ்சுகிட்டே ஒரே பதிலைத்தான் சொல்லுவாங்க. கான்கிரீட்ல மணலுக்குப் பதிலா இன்னொண்ணு, இல்லேன்னா ஜல்லிக்குப் பதிலா இன்னொண்ணு. அந்த 'இன்னொண்ணு' மட்டும்தான் ஆளுக்கு ஆள் மாறும். தாமிரக் கசடு, இரும்புக் கசடு, அனல்மின் நிலையத்துச் சாம்பல், ஃபவுண்டரியில தூக்கிப் போட்ட மணல், உடைஞ்ச டைல்ஸ், பழைய வாஷ்பேசின், தேய்ஞ்ச டயர், கண்ணாடி, தேங்காய்ச் சிரட்டை... மல்லிகைப்பூ மட்டும்தான் பாக்கின்னு ஹாஸ்டல்ல சொல்லிச் சிரிப்போம்.

விகிதமும் மாறாது. பத்து, இருபது, முப்பது, நாப்பதுன்னு கூட்டிக்கிட்டே போவாங்க. கடைசியில வர்ற கிராஃப் எல்லாம் கழுகுமலை மாதிரி ஒரே ஏத்தம், ஒரே இறக்கம். உச்சி எங்க இருக்கோ அந்த நம்பரைப் போட்டு "எனவே இவ்வளவு சதவீதம் வரை பயன்படுத்தலாம்"னு முடிவுரை எழுதி, பைண்டிங் பண்ணி, தங்க எழுத்துல கல்லூரி பேரை அடிச்சுட்டா சுபம்.

நானும் அந்தக் கூட்டத்துல ஒருத்தன்தான். 2018-ல படிப்பை முடிச்சேன். கேம்பஸ்ல ஒரு மென்பொருள் கம்பெனிக்காரன் அள்ளிக்கிட்டுப் போனான். அன்னிலேர்ந்து இன்னிவரைக்கும் பொட்டிதான் தட்டிக்கிட்டு இருக்கேன். கான்கிரீட்டுக்கும் எனக்கும் இப்ப இருக்கிற ஒரே சம்பந்தம், அதுல கட்டின கட்டடத்துல ஒன்பதாவது மாடியில உக்காந்து ஆணி பிடுங்கறது மட்டும்தான்.

அப்புறம் எதுக்குடா இந்தக் கொசுவத்தின்னு கேக்கறீங்களா? எல்லாம் எங்க அத்தையால வந்தது. அதுக்கு முன்னாடி கொஞ்சம் பாடம் நடத்திக்கறேன், பொறுத்துக்குங்க. நாலு வருஷம் படிச்சதை வேற எங்கதான் போய்ச் சொல்றது :-)

கான்கிரீட்ங்கிறது சிமெண்ட், மணல், ஜல்லி, தண்ணி. இதுல பேர் வாங்கறது சிமெண்ட்தான், ஆனா கன அளவுல ஏறக்குறைய முக்கால் பங்கு மணலும் ஜல்லியும். சிமெண்ட் வெறும் பசை. மணலும் ஜல்லியும் அதுக்குள்ள சும்மா கெடக்கணும். கெட்டியா இருக்கணும், தண்ணி பட்டா ஊதக்கூடாது, சிமெண்டோட சண்டை போடக்கூடாது, கம்பியை அரிக்கக்கூடாது. இவ்வளவுதான் அதோட வேலை. 'சும்மா இருக்கத் தெரிஞ்ச' எந்தப் பொருளும் இந்த வேலைக்கு மனு போடலாம்.

இது ஒண்ணும் புதுசும் இல்ல. செங்கல்லைப் பொடிச்சு சுண்ணாம்போட சேக்கிற சுர்க்கி நம்ம ஊர்ல எத்தனையோ காலமா இருக்கு. 1895-ல கட்டி முடிச்ச முல்லைப்பெரியாறு அணையிலயே சுண்ணாம்பும் சுர்க்கியும்தான். பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகள்ல மேல ஏறிப் பாத்தீங்கன்னா, மரத்துக்கு மேல செங்கல், அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடிச்சிருப்பாங்க. உடைஞ்ச செங்கல் அந்தக் காலத்துக் கட்டடத் தொழிலோட கழிவு. அதையே கூரையாக்கினாங்க. யாரும் அதுக்கு ஒரு ஆய்வறிக்கை எழுதலை, அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்க ப்ராஜெக்ட்டுக்கு வந்தது தாமிரக் கசடு. தாமிரத் தாதுவை உலையில உருக்கும்போது, அதுல இருக்கிற இரும்பும், கூடவே போடற மணலும் சேந்து மேல மிதக்கும். அதை வழிச்சு எடுத்து, சூடா இருக்கும்போதே வேகமாத் தண்ணியைப் பாய்ச்சினா, சில்லு சில்லா உடைஞ்சு கறுப்புக் கண்ணாடி மணலாயிடும். ஒரு டன் தாமிரம் எடுத்தா ரெண்டு டன்னுக்கு மேல இந்தக் கசடு வரும். அதாவது, தாமிர ஆலைன்னு நாம சொல்றது எடைக் கணக்குல பாத்தா ஒரு கசடு ஆலை. தாமிரம்தான் அங்க உபபொருள்.

தூத்துக்குடியில கப்பல் துருவைச் சுரண்டற காண்ட்ராக்டர் ஒருத்தர்கிட்ட இந்தக் கசடு இருக்குன்னு கேள்விப்பட்டு நாங்க நாலு பேரும் போனோம். காத்தோட சேத்து இரும்பு மேல பீய்ச்சி அடிச்சா துருவையும் பெயிண்டையும் உரிச்சு எடுத்துடும், அதுக்காக வச்சிருந்தார். ரெண்டு சிமெண்ட் பையை நீட்டினோம், நிரப்பிக் கொடுத்தார். காசு வாங்கலை, நல்ல மனுஷன். அம்பது கிலோ சிமெண்ட் பிடிக்கிற பை அது. கசடை நிரப்பினா எழுபது கிலோவைத் தொடுது. பஸ்ல ஏத்தும்போது கண்டக்டர் ஒரு கை பிடிச்சுட்டு, "என்னல இது, இரும்பா?"ன்னார். "மணல்ணே"ன்னோம். நம்பலை. நியாயம்தான், அதோட எடையில ஏறக்குறைய பாதி இரும்பு ஆக்சைடு. ரெண்டு டிக்கெட் லக்கேஜ் போட்டுட்டுத்தான் விட்டார்.

இந்த எடை விஷயத்துலதான் ஒரு சூட்சுமம் இருக்கு. ஆத்து மணலோட ஒப்படர்த்தி சுமார் 2.65. கசடுக்கு சுமார் 3.5. ஒரு கன மீட்டர் கான்கிரீட்ல 700 கிலோ மணல்னு வச்சுக்குங்க. நாப்பது சதவீதம்னா 280 கிலோவை எடுக்கணும். எடுத்த இடத்துல 280 கிலோ கசடைப் போட்டா எடை சரியா இருக்கும், இடம் நிரம்பாது. 106 லிட்டர் மணலை எடுத்துட்டு 80 லிட்டர்தான் போட்டிருக்கோம். இடம் குறைஞ்சா மொத்தக் கலவையும் குறையும், அப்ப ஒரு கன மீட்டருக்குள்ள இருக்கிற சிமெண்ட் கொஞ்சம் கூடிப் போகும். பலம் கூடும். உடனே "கசடு போட்டா பலம் கூடுது!"ன்னு எழுதிடலாம். கூடினதுல ஒரு பங்கு சிமெண்டோட புண்ணியம்னு யாரும் சொல்ல மாட்டாங்க. முந்தின வருஷ சீனியருங்க ரிப்போர்ட்டு நாலஞ்சு லைப்ரரியில இருந்துச்சு, எல்லாத்துலயும் எடைக்கு எடைதான். எங்க குழுவுல இருந்த ஒரு பொண்ணுதான் இதைக் கண்டுபிடிச்சுச்சு. 280 கிலோ மணலுக்கு 370 கிலோ கசடு போட்டாத்தான் கணக்கு சரி. அப்படித்தான் போட்டோம். (அந்தப் பொண்ணு இப்ப ஒரு பேங்க்ல கடன் பிரிவுல இருக்கு. நாட்டுக்கு நஷ்டம்.)

இன்னொரு விஷயம் தண்ணி. கசடு கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கும், தண்ணியை உறிஞ்சவே உறிஞ்சாது. அதனால அளவு கூடக் கூட கலவை இளகி, அச்சுல போட்ட கொஞ்ச நேரத்துல மேல தண்ணி கசிஞ்சு நிக்கும். நூறு சதவீதம் போட்ட கியூபைப் பாத்தா நீர்மோர் மாதிரி மேல தெளிஞ்சு கெடக்குது. சாதாரண கியூப் எட்டு கிலோ சொச்சம். இது எட்டே முக்காலைத் தாண்டிடுச்சு, தூக்கித் தொட்டியில போட்டுட்டுக் கை வலி. 28 நாள் கழிச்சு உடைச்சதுல நாங்களும் நாப்பதுலதான் உச்சியைப் பாத்தோம். ஆனா குன்று அவ்வளவு செங்குத்தா இல்ல, சின்ன மேடுதான். கைடு முகத்துல கொஞ்சம் ஏமாத்தம். இருந்தாலும் கையெழுத்துப் போட்டார்.

அதை வைவாவுல சமர்ப்பிச்சது 2018 ஏப்ரல். அடுத்த மாசம் 22-ம் தேதி தூத்துக்குடியில என்ன நடந்ததுன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துப்பாக்கிச் சூட்டுல 13 பேர் செத்தாங்க. 28-ம் தேதி அரசாணை போட்டு ஸ்டெர்லைட் ஆலையை மூடினாங்க. 2024 பிப்ரவரியில உச்ச நீதிமன்றமும் திறக்கச் சொல்ல முடியாதுன்னு நிறுவனத்தோட மனுவைத் தள்ளிடுச்சு.

அந்த நாட்கள்ல டிவி முன்னாடி உக்காந்திருந்தப்ப எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. ஏப்ரல் மாசம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அந்த ஆலைக்கு அனுமதியைப் புதுப்பிக்க மாட்டேன்னு சொன்னப்ப கொடுத்த காரணங்கள்ல ஒண்ணு, உப்பாத்து ஓரத்துலயும் பட்டா நிலங்கள்லயும் கொட்டின தாமிரக் கசடை அகத்தலை, ஆத்துக்கும் கசடுக்கும் நடுவுல தடுப்பும் கட்டலைங்கிறது. அதே கசடு. நாங்க லக்கேஜ் டிக்கெட் போட்டுக் கொண்டுவந்து, கழுவி, சலிச்சு, மில்லிகிராம் வரைக்கும் எடை போட்டு, "இது கழிவல்ல, வளம்"னு முதல் பக்கத்துல எழுதினோமே, அதே பொருள் ஆத்தோரத்துல மலையா கெடந்திருக்கு.

ரெண்டுமே உண்மைங்கிறதுதான் இதுல சிக்கல். கான்கிரீட்டுக்குள்ள போனா அது நல்ல மணல். இந்தியத் தர நிர்ணய ஆவணம் ஐ.எஸ். 383, 2016-ல திருத்தினப்ப, தாமிரக் கசடை மணலுக்குப் பதிலா கம்பி போட்ட கான்கிரீட்ல 35 சதவீதம் வரைக்கும், கம்பி இல்லாததுல 40 வரைக்கும் போடலாம்னு ஒத்துக்கிச்சு. கிறுக்குத்தனமா யாரும் எழுதலை, நிறைய சோதனை பண்ணித்தான் எழுதியிருக்காங்க. ஆனா 'போடலாம்'ங்கிற ஒரு வார்த்தை ரிப்போர்ட்டுல இருந்துட்டா, மலை மாதிரி குவிச்சவனுக்கு அது நல்ல கேடயம். "இது கழிவே இல்லீங்க, விற்பனைச் சரக்கு, வாங்க ஆள் வரும்வரை வச்சிருக்கோம்." வாங்க ஆள் வந்தானா, எத்தனை லாரி போச்சு, எந்தக் கட்டடத்துக்குப் போச்சுன்னு எந்த மாணவனோட ரிப்போர்ட்டுலயும் ஒரு அத்தியாயம் கிடையாது. எங்களோடதுலயும் கிடையாது, சிலபஸ்ல அதுக்கு இடமே இல்ல.

மணல், ஜல்லி எல்லாம் உலகத்துலயே மலிவான சரக்கு. அதோட விலைங்கிறது முக்காவாசி லாரி வாடகை. கசடு மணலை விட கனம், அப்ப அதே லாரியில குறைஞ்ச கன அடிதான் ஏறும். உலை இருக்கிற ஊர்லேர்ந்து கொஞ்ச தூரம் தாண்டினாலே கட்டுப்படியாகாது. கழிவை என்னவா மாத்தலாம்னு லேப்ல கண்டுபிடிக்கறது சுலபம். அதை ஒரு யூனிட் என்ன விலைக்கு, எந்த ஊர் வரைக்கும் கொண்டுபோக முடியும்னு பாக்கறதுதான் கஷ்டம். இதை நான் கல்லூரியில கத்துக்கலை, அத்தை வீட்டு வாசல்ல கத்துக்கிட்டேன்.

அத்தைக்கு ஏரல் பக்கம். 2023 டிசம்பர் 17, 18 மழை ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செண்டிமீட்டர். சென்னையில ஒரு வருஷம் முழுக்கப் பெய்யற மழையில மூணுல ரெண்டு பங்கு, இருபத்துநாலு மணி நேரத்துல. தாமிரபரணி கரை மீறி வந்து அத்தை வீட்டுல ஜன்னல் உயரத்துக்கு நின்னுச்சு. அத்தையும் மாமாவும் பக்கத்து மாடி வீட்டுல ரெண்டு ராத்திரி இருந்தாங்க. தண்ணி வடிஞ்சப்ப முன்பக்க கான்கிரீட் அறை ஒரு பக்கம் எறங்கியிருந்துச்சு, பின்பக்க ஓட்டுக்கட்டுல சுவர் பிளந்திருந்துச்சு. மராமத்து பண்ணி ஒப்பேத்திப் பாத்தாங்க, முடியலை. இந்த வருஷம்தான் மொத்தமா இடிச்சுட்டுக் கட்ட ஆரம்பிச்சாங்க. மாமா ரிட்டயர்மெண்ட் காசு முழுக்க அதுலதான்.

போன் வந்துச்சு.

"ஏல, நீ இஞ்சினியருக்குத்தானல படிச்ச?"

"ஆமா அத்தை."

"அப்ப வந்து சொல்லு. இவிய ஒண்ணு சொல்லுதாவ, மேஸ்திரி ஒண்ணு சொல்லுதாரு."

பொட்டி தட்டறதைப் பத்தி எவ்வளவு விளக்கினாலும் அத்தைக்கு நான் வீடு கட்டற இஞ்சினியர்தான். சனி, ஞாயிறு சேத்து ஒரு நாள் லீவு போட்டுக் கிளம்பினேன்.

முதல் கேள்வி மணல். வெள்ளம் கொண்டுவந்து போட்ட மண்ணு கொல்லையில மேடா இன்னும் கெடக்குது. "ஆறே கொண்டாந்து வாசல்ல கொட்டிட்டுப் போயிருக்கு, இதை வச்சே கட்டிருவோமே"ங்கிறது அத்தையோட வாதம். ஒரு கண்ணாடி பாட்டில்ல அதைப் பாதி போட்டு, உப்புத் தண்ணி ஊத்திக் குலுக்கி வச்சேன். மூணு மணி நேரம் கழிச்சு மணல் மேல வண்டல் தனியாப் படியும். எட்டு சதவீதத்துக்கு மேல இருந்தா வேண்டாம்பாங்க. இங்க பாட்டில்ல மணல் எது, வண்டல் எதுன்னு தேடற நிலைமை. "முருங்கைக்கு நல்லது அத்தை"ன்னேன். மாமா வாய்க்குள்ளயே சிரிச்சுக்கிட்டார்.

ரெண்டாவது கேள்விதான் நம்ம கதாநாயகன். மாமாவுக்குத் தெரிஞ்ச ஒரு லாரி புரோக்கர், எம்-சாண்டுல பாதி விலைக்குக் "கறுப்பு மணல்" தர்றதாச் சொல்லியிருக்கார். பூச்சுக்கு, கான்கிரீட்டுக்கு, பேஸ்மட்டம் நிரப்ப, எதுக்கு வேணும்னாலும் போடலாமாம். சாம்பிள் ஒரு பொட்டலத்துல வச்சிருந்தாங்க. பிரிச்சுப் பாத்ததும் எனக்கு லேப் வாசனையே வந்துடுச்சு. கறுப்புக் கண்ணாடிச் சில்லு, கையில வச்சா கனம்.

மாமா கேட்டார், "மாப்ள, இதை வச்சுத்தானே நீங்க பரீட்சை பண்ணியதா சொன்னிய? நல்லதுன்னுதானே எழுதியிருக்கிய?"

எழுதியிருக்கோம்தான். அந்தப் புத்தகம் எங்க வீட்டுப் பரண்ல இருக்கு.

புரோக்கருக்கு போன் போட்டேன். எங்கேயிருந்து வர்ற சரக்குன்னு கேட்டேன். "எல்லாம் நல்ல எடந்தான் சார்"னார். எப்ப எடுத்தது, எங்க கொட்டி வச்சிருந்தது, டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கா, பில் உண்டா? "சார், மணலுக்கெல்லாம் யாரு சார் பில்லு கேக்கா"ன்னு வச்சுட்டார்.

நான் மாமாகிட்ட வேண்டாம்னுதான் சொன்னேன். பலம் வராதுன்னு இல்ல. முப்பது சதவீதம் அளந்து போட்டா தளம் ஜம்முனு நிக்கும். ஆனா நாங்க சோதிச்சது ரெண்டு மூட்டை. கழுவினது, காய வச்சது, எங்கேயிருந்து வந்ததுன்னு தெரிஞ்சது. இது எந்த மேட்டுலேர்ந்து அள்ளினதோ. கடலோரத்துல வருஷக்கணக்காக் கெடந்திருந்தா உப்பேறியிருக்கலாம், உப்பு கம்பிக்கு எமன். வேற என்னென்ன குப்பையோட கலந்திருக்கோ.

அதை விடப் பெரிய விஷயம், அத்தை வீட்டுக் கெணறு. பேஸ்மட்டத்துக்கும் கெணத்துக்கும் பத்தடி கூட இல்ல. இந்த வெள்ளத்துக்கு அப்புறமும் சேறு வாரி, இறைச்சு, அந்தத் தண்ணியைத்தான் பொழங்கறாங்க. கசடுல மிச்சம் மீதி தாமிரம் இருக்கும், தாதுவைப் பொறுத்து ஈயம், ஆர்சனிக் மாதிரி சங்கதிகளும் துளித் துளி இருக்கும். கான்கிரீட்டுக்குள்ள போனா கண்ணாடிக்குள்ள ஒரு பூட்டு, சிமெண்டுக்குள்ள இன்னொரு பூட்டுன்னு அது பாட்டுக்கு அடங்கிக் கெடக்கும். அதையே லூஸா பேஸ்மட்டத்துல கொட்டி, வருஷா வருஷம் மழைத் தண்ணி அதுக்குள்ள பூந்து கெணத்துக்குப் போனா அது வேற கதை. ஒரே பொருள்தான். அடைச்சு வச்சா மணல், கொட்டி வச்சா கழிவு. புரோக்கரோட "எதுக்கு வேணும்னாலும் போடலாம்"ங்கிறதுல எனக்குக் கோவம் வந்தது அங்கதான்.

மாமா ஒண்ணும் சொல்லலை. எம்-சாண்டுக்கும் அதுக்கும் உள்ள வித்தியாசத்தை மனசுக்குள்ள பெருக்கிப் பாத்துக்கிட்டிருந்தார்னு நினைக்கறேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "சரி, கெணறு நம்ம அப்பா வெட்டுனது"ன்னார். அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது.

இந்த இடத்துல இன்னொண்ணும் சொல்லணும். எல்லாக் கழிவும் ஒரே சாதி இல்ல. இரும்பு உலையில வர்ற கசடு நல்ல பிள்ளை. அதைத் தண்ணியில குளிர வச்சு அரைச்சா சிமெண்டாவே ஆயிடும். எஃகு உலையில வர்றது அப்படி இல்ல, அதுக்குள்ள வேகாத சுண்ணாம்பு ஒளிஞ்சிருக்கும். தண்ணி பட்டா நீத்து ஊதும். அதுவும் உடனே ஊதினா பரவாயில்ல, மாசக்கணக்கா, வருஷக்கணக்கா ஆற அமர ஊதும். அதனாலதான் ஐ.எஸ். 383 கம்பி போட்ட கான்கிரீட்ல எஃகுக் கசடுக்கு ஒரு சதவீதம் கூட இடம் தரலை. 2008-ல ஜப்பான்ல ஃபுஜிசாவாங்கிற ஊர்ல, குப்பையை எரிச்சு உருக்கின கசடை அனுமதி இல்லாம ரெடிமிக்ஸ் கான்கிரீட்ல கலந்து, அடுக்குமாடி வீடுகள்ல கான்கிரீட் மேல்பரப்பு கொப்புளம் கொப்புளமாத் தெறிச்சுது. ஜப்பான்காரனுக்கே அந்தக் கதி.

இங்கதான் நம்ம கல்லூரி ப்ராஜெக்ட் மேல எனக்கு இருக்கிற முக்கியமான மனத்தாங்கல். எங்களுக்கு இருந்தது ஒரு செமஸ்டர். 28 நாள்ல கியூப் உடைச்சாகணும். ஊதறது, அரிக்கறது, கசியறது எதுவும் 28 நாள்ல தெரியாது. வீடோ அம்பது வருஷம் நிக்கணும். கேக்கற கேள்வியே பரீட்சை அட்டவணைக்குத் தகுந்தபடி இருந்தா, பதிலும் அதுக்குத் தகுந்தபடிதானே வரும்? "பயன்படுத்தலாம்"னு முடியற ரிப்போர்ட் வருஷத்துக்கு வருஷம் குவியுது. "பத்து வருஷம் முன்னாடி பயன்படுத்தினோம், இப்ப போய்ப் பாத்தோம்"னு ஆரம்பிக்கற ரிப்போர்ட் எதையும் எங்க லைப்ரரியில நான் பாத்ததில்லை.

சரி, அப்ப அத்தை வீட்டுல கழிவே போடலையா? அங்கதான் மேஸ்திரி அண்ணாச்சி வர்றார். அறுபதைத் தாண்டின மனுஷன், பேச்சு கம்மி. இடிச்ச வீட்டுக் குவியலைக் காட்டி, "தம்பி, இதை அள்ளிட்டுப் போக லாரிக்காரன் காசு கேக்கான். அந்தக் காசுக்கு நாம இதையே உள்ள போட்டுருவோம்லா"ன்னார்.

எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. கான்கிரீட் துண்டு தனி, செங்கல் தனி, பூச்சு உதிர்ந்த தூசி தனின்னு மூணாப் பிரிச்சோம். கான்கிரீட் துண்டுகளை சம்மட்டியால உடைச்சு, ஒன்றரை ஜல்லி அளவுக்கு சலிச்சு, அஸ்திவாரத்துக்கு அடியில போடற 1:4:8 பி.சி.சி.க்கு அதையே ஜல்லியாக்கினோம். கம்பி இல்லாத, பலம் குறைஞ்ச அந்தக் கலவைக்கு மொத்த ஜல்லியுமே பழைய கான்கிரீட்டா இருக்கலாம்னு ஐ.எஸ். 383 சொல்லுது. ஒரே ஒரு கவனம்தான். பழைய ஜல்லி மேல பழைய சாந்து ஒட்டிக்கிட்டு இருக்கும், அது தண்ணியைக் குடிக்கும். கருங்கல் ஜல்லி ஒரு சதவீதம் கூடக் குடிக்காது, இது அஞ்சு சதவீதம் வரைக்கும் குடிக்கும். கலவைத் தண்ணியை அது குடிச்சுட்டா சிமெண்டுக்கு மிஞ்சாது. அதனால முந்தின நாள் ராத்திரியே நனைச்சு வைக்கணும்னு சொல்லலாம்னு வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அண்ணாச்சி சித்தாளைக் கூப்பிட்டு, "ஏட்டி, கல்லுக்கு ராத்திரியே தண்ணி காட்டிரு, காலையில தவிச்சுக்கிட்டு நிக்கும்"னார்.

நான் வாயை மூடிக்கிட்டேன்.

"இது புஸ்தகத்துல இருக்கு அண்ணாச்சி, ஐ.எஸ். 383-ன்னு நம்பர்"னு அப்புறம் டீ குடிக்கும்போது சொன்னேன். "அப்படியா? எங்க வாத்தியாரு நம்பர்லாம் சொல்லலை. சும்மா அள்ளிப் போடுலன்னாரு"ன்னார். டெல்லியில புராரியில இடிபாட்டை ஜல்லியாக்கற தொழிற்சாலை 2009-லேர்ந்து ஓடுது, சென்னையில பெருங்குடி, கொடுங்கையூர்ல வந்திருக்குன்னும் சொன்னேன். "நல்லது. அவ்வளவு தூரம் கொண்டுபோணுமோ?"ன்னார். திரும்பவும் லாரி வாடகை. மனுஷன் ஒரே வரியில என் மூணு பத்தியை முடிச்சுட்டார்.

செங்கல் துண்டும் தூசியும் பேஸ்மட்டத்துக்குள்ள போச்சு, அடுக்கடுக்காத் தண்ணி விட்டு திம்ஸ் போட்டு இறுக்கினாங்க. தூணுக்கும் தளத்துக்கும் மட்டும் கருங்கல் ஜல்லி, எம்-சாண்ட். அதுல நானும் அண்ணாச்சியும் ஒரே கட்சி.

அத்தைக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்துச்சு. "அந்தக் கறுப்பு மணலு வேண்டாம்னுட்ட. சரி. இந்த சிமெண்டுல ஒண்ணும் இல்லியே?" மூட்டையைத் திருப்பிக் காட்டினேன். பி.பி.சி. சிமெண்ட், அதுல நூத்துக்குப் பதினஞ்சுலேர்ந்து முப்பத்தஞ்சு வரைக்கும் அனல்மின் நிலையத்துச் சாம்பல் இருக்கும்னு சொன்னேன். சிமெண்டுல வெளியாகற சுண்ணாம்போட அது மெதுவா சேந்து இன்னும் இறுகும், ஆனா ஆரம்பத்துல கொஞ்சம் நிதானம், அதனால தண்ணி விடறதுல மட்டும் கஞ்சத்தனம் கூடாதுன்னேன். அத்தை கொஞ்ச நேரம் மூட்டையையே பாத்துக்கிட்டு நின்னாங்க.

"சாம்பலை வச்சுப் பாத்திரந்தான் தேய்ச்சிருக்கேன். வீடுமால கட்டுதாவ?"

பழைய வீட்டு முழுச் செங்கல் ஒரு முன்னூறு தேறுச்சு. அதை யாரையும் தொட விடலை அத்தை. மாடி தளம் போட்ட பிறகு, அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடிச்சு, தட்டோடு பதிக்கணுமாம். அவங்க பொறந்த வீட்டுல அப்படித்தானாம், சித்திரை வெயில்ல கூட உள்ள குளுகுளுன்னு இருக்குமாம். சுண்ணாம்பு அடிக்கத் தெரிஞ்ச ஆள் இப்ப கிடைக்கறது கஷ்டம், கடுக்காய்த் தண்ணிக்கு ஊறல் போடணும், ஆள்கூலி கூடும்னு அண்ணாச்சி இழுத்தார். அத்தை செங்கல் மேல தார்ப்பாய் போட்டு மூடி, நாலு பக்கமும் கல்லு வச்சுட்டாங்க. ஆக, அது நடக்கும்.

தளம் அடுத்த மாசம் போடறாங்க. லீவு கேட்டிருக்கேன். "அன்னிக்கு ரிலீஸாச்சே"ன்னு மேனேஜர் முகத்தைச் சுளிச்சார். எங்களுக்கும் அன்னிக்குத்தான் ரிலீஸ், ஊத்த ஆரம்பிச்சுட்டா நடுவுல ரோல்பேக் எல்லாம் கிடையாதுன்னு சொல்லியிருக்கேன்.

டிஸ்கி: கோவைப் பக்கத்துப் பதிவர்கள் யாராச்சும் ஃபவுண்டரி மணலைக் கட்டடத்துல போட்டு, சில வருஷம் கழிச்சுப் போய்ப் பாத்திருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. கியூப் உடைச்ச கதை வேண்டாம், அது என்கிட்டயே நிறைய இருக்கு :-)